செவப்பு டேப்பு

துணி தொவைக்கற கட்டை இல்லீங்க அது. கண்டக்டரும் இப்பத்தான் இதையே கேட்டுட்டுப் போனாரு. பேட்டுங்க. பிக்கிள்பால் பேட்டு. பிக்கிள்னா ஊறுகாய்தான், ஆனா ஊறுகாய்க்கும் இந்த ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. ஏன் அப்படிப் பேரு வெச்சாங்கன்னு எனக்கும் தெரியாது. டென்னிஸ் மாதிரி, ஆனா அத்தனை ஓட வேண்டியதில்ல. பந்து பிளாஸ்டிக்கு, சுத்தியும் ஓட்டை ஓட்டையா இருக்கும். நம்ம வயசுக்கு ஏத்த ஆட்டம்ங்கறாங்க. ஏத்த ஆட்டம்தான். ஒழுங்கா ஆடுனா.

நல்லா உட்காருங்க, பைய நான் மடியில வெச்சுக்கறேன். நீங்க ஈரோடா? நான் பெருந்துறையில எறங்கிக்குவேன். அங்க இன்னிக்கு அபார்ட்மெண்ட்டுக்காரங்களுக்கெல்லாம் ஒரு போட்டி வெச்சிருக்கறாங்க. எங்க டீம் ஆடுது. பன்னண்டு பேரு காலையில அஞ்சரைக்கே வேன்ல போயாச்சு. எங்க வீட்டுக்காரியும் அந்த வேன்லதான் போயிருக்கறா. நான் பஸ்ல போறேன்.

ஏன் நீங்க வேன்ல போகலைன்னு கேப்பீங்க. கேளுங்க, ஒளிச்சு வெக்கறதுக்கு ஒண்ணுமில்ல. என்னையும் கூப்பிட்டாங்க. கூப்பிட்டாங்கன்னா, வேன் எத்தனை மணிக்குன்னு குரூப்புல போட்டிருந்தாங்க. நானும் அந்த குரூப்புலதான இருக்கறேன்? அப்ப எனக்கும் சேத்துத்தான போட்டாங்க? நாந்தான் வல்லைன்னுட்டேன். பாக்கத்தான் போறேன். அவங்க எப்படித் தோக்கறாங்கன்னு ஓரமா உக்காந்து பாத்துட்டு, அடுத்த பஸ் புடிச்சு திரும்பி வந்துருவேன்.

பாக்கப் போறவனுக்கு பேட்டு எதுக்கா? சும்மாதாங்க. கைய வீசிட்டுப் போறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

நீங்க என்ன பண்றீங்க? பனியன் கம்பெனியில செக்கிங்கா! அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நம்மாளு நீங்க. நான் பீளமேட்டுல பம்பு கம்பெனி ஒண்ணுல முப்பத்தி நாலு வருசம் இன்ஸ்பெக்சன். சென்னியப்பன் பாத்து விட்டான்னா கண்ண மூடிட்டு லாரியில ஏத்தலாம்னு சொல்லுவாங்க. நல்ல சரக்குக்கு பச்சைப் பெயிண்டுல ஒரு பொட்டு, ஆகாத சரக்குக்கு செவப்புப் பொட்டு. அவ்வளவுதான் என் வேலை. முப்பத்தி நாலு வருசத்துல ஆகாத சரக்க பாஸ் பண்ணதில்ல. நல்ல சரக்கத் தள்ளுனதும் இல்ல. ரெண்டாவதுதாங்க பெருசு. தள்ளுறதுக்கு என்ன, எல்லாத்துக்கும் செவப்பு வெச்சுட்டா எவனும் நம்மளக் குத்தம் சொல்ல மாட்டான்.

லேத்துக்காரன் சண்டைக்கு வருவான். எம்பட சரக்கு சரியாத்தான் இருக்குது, நீங்க வேணும்னே தள்ளுறீங்கம்பான். அதுக்கு நாங்க ஒரு வழக்கம் வெச்சிருந்தோம். பக்கத்து செக்சன்ல இருந்து இன்னொரு செக்கிங் ஆளக் கூட்டிட்டு வந்து பாக்கச் சொல்றது. அவன் பாத்துட்டு ஓகேன்னா ஓகேதான். அதுக்கப்பறம் நான் வாயத் தொறக்கக் கூடாது. அந்தச் சட்டத்தப் போட்டது மேனேஜர் இல்லீங்க, நான். எனக்கே எதிரா நானே போட்ட சட்டம். இப்படி எவனாச்சும் போடுவானா, சொல்லுங்க?

சரி, விசயத்துக்கு வாரேன்.

எங்க அபார்ட்மெண்ட்டுல செகரட்டரி குணசேகரன்னு ஒருத்தரு. எப்பப் பாரு சிரிச்சுக்கிட்டே இருப்பாரு. அவருதான் காலியாக் கெடந்த எடத்துல கோடு போட்டு வலையக் கட்டுனாரு. காலையில ஆறு மணிக்கு என்னோட சேத்து பதிமூணு பேரு வருவோம். எல்லாம் அம்பதத் தாண்டுனவங்க. ஆடுவாங்க, சிரிப்பாங்க, பாயிண்டு மறந்து போயிரும், மறந்ததுக்கும் சிரிப்பாங்க. அப்பறம் பேக்கரிக்குப் போயி காபி, தேங்காய் பன்னு. இதுக்குப் பேரு எக்சசைசாம்.

பக்கத்து அபார்ட்மெண்ட்டுக்காரங்க ஒருக்கா ஆட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. போனோம். பதினொண்ணு ஒண்ணு. அடுத்தது பதினொண்ணு சைபரு. சைபருங்க! அன்னிக்கு இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? அவங்க குடுத்த கேசரியத் தின்னுட்டு, நல்லா இருக்குதுன்னு சொல்லி ரெண்டாந்தரம் வாங்கித் தின்னாங்க. நான் தட்டத் தொடவே இல்ல. வெக்கமா இருந்துச்சுங்க. தோத்ததுக்கு இல்ல, தோத்தது அவங்களுக்கு உறைக்கவே இல்லையேன்னுதான்.

அடுத்த நாள் நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன். ஒரு மாசம் எங்கிட்ட விடுங்க, பயிற்சி நான் எடுக்கறேன், அடுத்த போட்டியில கப்பத் தூக்கறது என் பொறுப்புன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. குணசேகரன் விசில் கூட அடிச்சாரு. அத நான் மறக்கலை. அவங்கதான் மறந்துட்டாங்க.

நீங்க சும்மா நெனச்சுக்காதீங்க. பத்து நாளு வீடியோ பாத்துப் படிச்சேன். பேப்பர் கப்பக் கவுத்து வெச்சு எடம் குறிச்சேன். கழுத்துல விசிலு. இந்த ஆட்டத்துல வலைக்கு ரெண்டு பக்கமும் ஏழடி எடம் விட்டிருக்கும், அதுக்குக் கிச்சன்னு பேரு. பந்த ஓங்கி அடிக்காம, எதிராளியோட கிச்சன்ல போயி விழற மாதிரி மெதுவாத் தட்டோணும். அதுக்கு டிங்க்குன்னு பேரு. இந்த ஆட்டத்துக்கு உயிரே அதுதான். ரெண்டு பேரு எதிரும் புதிருமா நின்னு, பந்து தவறாம இருபது தட்டுத் தட்டோணும். நடுவுல விட்டா மறுபடியும் ஒண்ணுல இருந்து. இருபது முடிக்கற வரைக்கும் ஆட்டம் கெடையாது. பன்னண்டு பேரும் முடிக்கற வரைக்கும் யாருக்கும் ஆட்டம் கெடையாது. காபியும் பயிற்சி முடிஞ்சுதான்.

கேக்கறதுக்கு ஈசியா இருக்குதல்ல? எத்தனை பேரு பத்தத் தாண்டுனாங்கன்னு நெனைக்கறீங்க?

லூர்துமேரின்னு ஒரு அம்மா. நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. தனியாத்தான் இருக்கறாங்க. ஒரே நாள்ல மூணு தடவை பதினெட்டு வரைக்கும் வந்துட்டு விட்டுட்டாங்க. “அண்ணா, பதினெட்டு போதாதா?”ன்னாங்க. “ஏம்மா, இருபது போல்ட்டுப் போட வேண்டிய எடத்துல பதினெட்டுப் போட்டா தண்ணி ஒழுகுமா ஒழுகாதா?”ன்னேன். சரியாத்தான கேட்டேன்? மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சாங்க. நாலுலயே விட்டுட்டாங்க. போயி பெஞ்சுல உக்காந்தாங்க. அடுத்த நாள்ல இருந்து வல்லை. முட்டி வலின்னு சொல்லி விட்டாங்க. முட்டி வலின்னா நான் என்ன பண்ணட்டும்?

ரெண்டு வாரத்துல நாலு பேரு முடிச்சாங்க. யாரு முடிச்சாங்க, யாரு முடிக்கலைன்னு பாத்த ஒடனே தெரியோணும் பாருங்க. அதுக்குத்தான் டேப்பு. கரண்டு வேலைக்குச் சுத்துவாங்களே, அந்த டேப்பு. முடிச்சவங்க பேட்டுப் புடியில பச்சை மூணு சுத்து. முடிக்காதவங்களுக்குச் செவப்பு மூணு சுத்து. மனுசன சரக்கு மாதிரி நடத்தறேன்னு குணசேகரன் ஒரு வார்த்தை சொன்னாராம். சரக்க நான் எவ்வளவு மரியாதையா நடத்துனேன்னு அவருக்குத் தெரியாது.

என் பேட்டுல மொத நாளே பச்சை சுத்திட்டேன். பயிற்சி எடுக்கறவன் புடியில பச்சை இல்லாட்டி நல்லாவா இருக்கும்?

இப்ப எங்க வீட்டுக்காரி, சிவகாமி. அவ நல்லா ஆடுவா. எனக்குத் தெரியாததா? நான் அந்தப் பக்கம் கப்பு அடுக்கிட்டு இருக்கறப்ப நாப்பது தட்டுனான்னு குணசேகரன் அடிச்சுச் சொல்றாரு. ஆனா நான் முன்னால நின்னு எண்ண ஆரம்பிச்சா பந்து தவறிப் போயிருது. அன்னிக்கு பத்தொம்பது வரைக்கும் வந்துட்டா. இருபதாவது பந்து வலையத் தொட்டு அவ பக்கமே விழுந்துருச்சு. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. எனக்குத் தெரியும், எதுக்குப் பாக்கறாங்கன்னு. பொண்டாட்டிய மட்டும் சும்மா விட்டுருவான்னு பாத்தாங்க. பதினெட்டுக்கு லூர்துமேரிக்கு ஒரு சட்டம், பத்தொம்பதுக்கு என் பொண்டாட்டிக்கு ஒரு சட்டமா? அவ கையில இருந்து பேட்ட வாங்குனேன். செவப்பு மூணு சுத்து சுத்தி, பல்லுல கடிச்சு அறுத்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டா.

வீட்டுக்கு வந்தோம். எப்பவும் போல தோசை சுட்டா, எப்பவும் போல சட்னி. நான் என்ன நெனச்சேன், புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். நாப்பது வருசம் ஒண்ணாக் குடும்பம் நடத்துறோம், இது கூடப் புரியாமலா இருக்கும்?

அடுத்த நாள் காலையில நான் கப்பு அடுக்கி வெச்சுட்டு நிக்கறேன். வந்தாங்க. பன்னண்டு பேரும் ஒண்ணா வந்தாங்க. முட்டி வலின்னு நின்னுட்ட லூர்துமேரி அம்மாவும் வந்தாங்க. பாத்தா, பன்னண்டு பேட்டுலயும் செவப்பு டேப்பு! பச்சை வாங்குன நாலு பேரும் அதப் பிச்சுட்டு செவப்பச் சுத்திட்டு வந்திருக்கறாங்க.

சொல்றதுக்கென்ன வெக்கம், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. அப்பாடா, இப்பவாச்சும் ஒத்துக்கிட்டாங்களே, நாம இன்னும் கத்துக்கோணும்னு எல்லாருக்கும் புத்தி வந்துருச்சேன்னு நெனச்சேன். விசிலு அடிச்சேன். ஒருத்தரும் போயி நிக்கலை. மறுபடியும் அடிச்சேன். குணசேகரன் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, “அண்ணா, நாங்க பன்னண்டு பேரும் ஃபெயிலுங்க. ஃபெயிலானவங்க எல்லாம் சேந்து ஒரு ஆட்டம் ஆடிக்கறோம், விடுங்க.”

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. சரி, அவரு அப்படித்தான். ஆனா இவ, சிவகாமி, முன்னால வந்து நின்னா. “ஏனுங்க, உங்களுக்கு யாரு டேப்பு சுத்துனது?”ன்னா. நாந்தான்னேன். “நீங்க இருபது தட்டுனத யாரு எண்ணுனது?”ன்னா.

எங்க கம்பெனியில முப்பத்தி நாலு வருசம் என்ன யாரும் இப்படிக் கேட்டதில்லீங்க.

“வாங்க, நான் எண்ணுறேன்”னா. கோவமா இல்ல. அதான் வயித்தெரிச்சலு. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். எதிர்ல லூர்துமேரி அம்மா நின்னாங்க. சிவகாமி சத்தமா எண்ணுறா. பன்னண்டு பேரு பாக்கறாங்க. அத்தனை பேரு பாத்தா கை தானா இறுகிப் போயிருதுங்க, அது ஒரு மாதிரி. பதினஞ்சாவது பந்து என் பேட்டுல பட்டு ஒரு பக்கமாச் சிலுப்பிட்டு வெளிய போயிருச்சு.

பந்துல கீறல். எடுத்துப் பாத்தேன், கீறல் விட்டிருந்துச்சு. கீறல் விட்ட பந்து நேராப் போகாதுங்க, யாரு அடிச்சாலும் சிலுப்பும். பந்து சரியில்லைன்னு சொல்லி பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்.

அவ வேற பந்து ஒண்ண எடுத்தா. “சரிங்க, வேற பந்துல ஆடுங்க. விட்ட எடத்துல இருந்து எண்ணிக்கலாம். பதினஞ்சு”ன்னா. பதினஞ்சுன்னு சொல்லிட்டு பந்த நீட்டிக்கிட்டே நிக்கறா. ரொம்ப நேரம் நின்னா. விட்ட எடத்துல இருந்தா? அப்பறம் சட்டம் எதுக்கு? எனக்குச் சலுகையா குடுக்கறா? திரும்பிப் பாக்காம நடந்து மேல வந்துட்டேன்.

மூணு வாரம் ஆச்சு. என்ன யாரும் நீக்கலீங்க, அத நல்லாத் தெரிஞ்சுக்கோங்க. நாந்தான் போகலை.

இப்பப் பயிற்சி எடுக்கறது யாருன்னு நெனைக்கறீங்க? அவதான். சிவகாமிதான். அவ போட்டிருக்கற சட்டத்தக் கேளுங்க. யாரு விட்டாலும் பரவாயில்லையாம், அடுத்தவங்க விட்ட எடத்துல இருந்து எண்ணோணுமாம். பன்னண்டு பேருக்கும் சேத்து ஒரே எண்ணிக்கை. முந்தாநேத்து முந்நூத்திப் பன்னண்டு போயிட்டாங்க. லூர்துமேரி அம்மா எம்பிக் குதிச்சாங்க. முட்டி வலி எங்க போச்சுன்னு தெரியலை. டீமுக்குப் பேரே செவப்பு டேப்புன்னு வெச்சுட்டாங்க. பேரு எங்கிட்ட இருந்து எடுத்ததுதான, ஒரு வார்த்தை கேட்டாங்களா?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? நான் பாக்கறதெல்லாம் இல்லீங்க. மாடியில செடிக்குத் தண்ணி ஊத்தறேன், அங்க இருந்து கண்ணுல படுது. மூணு செடி இருக்குது. முக்கா மணி நேரம் ஆகுமுங்க, மெதுவாத்தான ஊத்தோணும்?

தெனமும் கெளம்பறப்ப கேப்பா. “வாறீங்களா?”ம்பா. வல்லைம்பேன். சரின்னுட்டுப் போவா. இன்னிக்குக் காலையிலயும் கேட்டா, அஞ்சு மணிக்கு. வல்லைன்னுட்டேன்.

இருங்க, போனு அடிக்குது. குரூப்புலதான் என்னமோ வந்திருக்குது. கண்ணாடி பைக்குள்ள எங்கயோ மாட்டிக்கிச்சு, அது இல்லாம எழுத்துத் தெரியாது எனக்கு. சித்தப் படிங்களேன். ஜெயிச்சுட்டாங்களா? பதினொண்ணு ஏழா? யாரு ஆடுனது, சிவகாமியும் லூர்துமேரியுமா? போட்டோவா? அடுத்த ஆட்டம் எப்ப, பத்தே முக்காலுக்கா?

சரி. மொத ஆட்டம் எவனும் ஜெயிப்பான். எதிர்ல யாரு ஆடுனாங்களோ.

நீங்க சிரிக்கறீங்க. சிரிக்காதீங்க. கீறல் இருந்துச்சுங்கறேன். நான் பொய் சொல்ற ஆளா? பந்து இந்தா கைக்குட்டையில சுத்தி வெச்சிருக்கறேன், மூணு வாரமா இதுலதான் இருக்குது. யாருக்கும் காட்டலை. காட்டோணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? நீங்க செக்கிங் ஆளு, அதனால காட்டறேன். இந்த ஓட்டைக்கும் இந்த ஓட்டைக்கும் நடுவுல. நல்லாப் பாருங்க.

இல்லையா? திருப்பிப் பாருங்க. சன்னல் பக்கம் வெளிச்சத்துல புடிங்க. கட்டை வெரல்ல அழுத்துங்க, கீறல் இருந்தா வாயத் தொறக்கும்.

தொறக்கலையா?

அன்னிக்குக் கண்ணாடி போட்டுப் பாத்தீங்களான்னு கேக்கறீங்க. ஆட்டத்துல யாருங்க கண்ணாடி போடுவா? வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தீங்களாங்கறீங்க. பாக்கலீங்க. பாக்கலை. முன்சீட்டுக் கம்பியில தட்டிப் பாருங்க. கீறல் விட்ட பந்து பொத்துன்னு சத்தம் குடுக்கும். இன்னொருக்கா தட்டுங்க.

ம்.

நல்ல பந்தோட சத்தம்தான் வருது.

நீங்க எத்தனை வருசமா செக்கிங்ல இருக்கறீங்க? பதினேழா? ஒரு குறையவும் தப்ப விட்டிருக்க மாட்டீங்க. சரக்கு ஓகேங்கறீங்க. நீங்க ரெண்டாவது ஆளு. சொல்லிட்டீங்கன்னா அதுக்கப்பறம் நான் வாயத் தொறக்கக் கூடாது. நல்ல சரக்கு ஒண்ண மூணு வாரமாத் தள்ளி வெச்சிருக்கறேன் பாருங்க. முப்பத்தி நாலு வருசத்துல பண்ணாத வேலை.

விஜயமங்கலம் தாண்டிருச்சா? இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க. பேட்டுப் புடியில பச்சை டேப்பு இருக்குது பாருங்க, வேர்வையில ஒட்டிக் கெடக்குது. என் நகத்துல வராது, நீங்க நுனியக் கெளப்பி விடுங்க. ஆங், அவ்வளவுதான், மிச்சத்த நான் பிச்சுக்கறேன். பை அடியில செவப்புச் சுருளு இருக்கும், எடுங்க. எதுக்கு எடுத்துட்டு வந்தேனா? தெரியலீங்க. காலையில பேட்டோட கூடவே கையில வந்துருச்சு.

ஒண்ணு. ரெண்டு. மூணு. கத்திரி வேண்டாம், பல்லு இருக்குது.

மன்னிப்புக் கேக்கப் போறேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. இந்த சென்னியப்பன் யாருகிட்டயும் கேட்டதில்ல. நான் எடுத்த பயிற்சி தப்புன்னு இப்பவும் ஒத்துக்க மாட்டேன். இன்னிக்கு பதினொண்ணு ஏழு எங்க இருந்து வந்துச்சு? நான் போட்ட அடித்தளம்தான? குணசேகரன் சிரிப்பாரு. சிரிக்கட்டும். பன்னண்டு பேரும் பாப்பாங்க. பாக்கட்டும். பந்து தவறுனா தவறட்டும்.

பெருந்துறைங்களா? எறங்கோணும், எறங்கோணும், கண்டக்டரே, விசில் அடிச்சராதீங்க! பந்தக் குடுங்க இங்க. கைக்குட்டை வேண்டாம், சும்மாவே குடுங்க.

பத்தே முக்காலுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்குது. நேரா அவகிட்டப் போவேன். அன்னிக்கு அவ நீட்டுன மாதிரியே இந்தப் பந்த நீட்டுவேன். ஒண்ணுல இருந்து ஆரம்பிக்க மாட்டேன். பதினஞ்சுன்னு சொல்லுவேன். அதுக்கு மேல அவ எண்ணட்டும்.